மூன்று குழுவுக்கும் ஒரே பதிப்பு

இன்று காலை செனாய் அலுவலகத்தில், என் திரையில் சிவப்பு எழுத்தில் நீ வந்து திட்டினாய். "அலமாக்! பேர்ல கோடு இருந்தா உனக்கு என்ன? எடுத்துக்க லா." நாம் எழுதும் கணினி நிரலில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியில் நீ எழுதி வைத்த வாசகம். உன் மேசை காலியாகிவிட்டது. கருவி இன்னும் உன் குரலில்தான் பேசுகிறது.

கிளினிக், வங்கி என்று எந்த இணையப் பக்கத்தில் பதிந்தாலும், உன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, மலாயில் 'மகள்' என்று குறிக்க வரும் ஏ/பி-யைத் தவறான எழுத்து என்று தள்ளிவிடும். பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கும் சாய்கோடு அது. அப்படித் தள்ளும் நிரலை நாமாவது எழுதக் கூடாது என்றாய். அதைப் பிடிக்கும் விதி ஒன்றை எழுதி, கருவியின் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாய். யாருக்கும் தேவைப்படாது என்று பதில் வந்தது. "யாருக்கும்னா? அப்ப நான் யாரு?" என்று கத்தினாய். அன்றே கருவியை நகலெடுத்து, உன் விதியைச் சேர்த்து, நமக்கென்று தனிப் பதிப்பாக்கினாய்.

அதன் பிறகுதான் பாடு. மூலக் கருவி மாறும்போதெல்லாம் உன் பதிப்பையும் மாற்ற வேண்டும். செனாய், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என மூன்று குழுக்களிலும் ஒரே பதிப்பு ஓட வேண்டும். வெள்ளிக்கிழமையானால் எல்லாருக்கும் போன் போட்டு நச்சரிப்பாய். "கரையில ஒரு எடம் ஒடஞ்சா போதும், தண்ணி வீட்டுக்குள்ள வந்துடும். வருசா வருசம் வெள்ளம் பாக்குற சிகாமட்காரிக்குத் தெரியாதா?"

நீ மருத்துவமனையில் படுத்ததும் மேலாளர் செய்த முதல் வேலை, ஜொகூர் பாரு குழுவை மூலக் கருவிக்கே திருப்பியது. நான் சண்டை போட்டேன். "கொஞ்ச பேருக்காக இவ்ளோ வேலையா? ஒரிஜினல் போதும் லா," என்றார். அவருடைய அடையாள அட்டையிலும் அதே கோடு இருக்கிறது. வெட்கம் வேண்டாமா அந்த மனிதருக்கு!

அந்தக் குழு அடுத்துச் செய்து கொடுத்தது, ஒரு தனியார் தகன மண்டபத்தின் பதிவுப் பக்கம். நீ இறந்த அன்று உன் தம்பி அதன் முன்தான் உட்கார்ந்திருந்தான். "அண்ணே, அக்கா பேர எடுக்க மாட்டேங்குது." பார்த்தேன். தவறான எழுத்தாம். அழுதுகொண்டே கோட்டை நீக்கினான். எதற்காக அத்தனை சண்டை போட்டாயோ, அது இல்லாத பெயர்தான் மண்டபத்துத் திரையில் ஓடியது. மேலாளர் மலர்வளையத்தோடு அதன் கீழேயே நின்று, "தங்கமான பொண்ணு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

நேற்று அவர் மற்ற இரண்டு குழுக்களையும் மூலத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன், அவற்றை அல்ல, ஜொகூர் பாருவை உன் பதிப்புக்கு. இன்று காலை அது பிடித்த முதல் தப்பு அந்த மண்டபத்துப் பக்கம்தான்.

"யாரக் கேட்டு மாத்துன?" என்று வந்தார். பக்கத்தைத் திறந்து, இறந்தவர் பெயர் என்ற கட்டத்தைக் காட்டினேன். "உங்க முழுப் பேர அடிச்சுப் பாருங்க சார்." அடிக்காமலே முகம் கறுத்துப் போய்விட்டார்.

மதியத்துக்குள் பக்கத்தைத் திருத்தினோம். சோதிக்க முதலில் உன் பெயரை அடித்தேன், கோட்டோடு. எடுத்துக்கொண்டது. பிறகு, பதிப்பைப் பராமரிப்பவர் என்ற இடத்தில் உன் பெயருக்குக் கீழே என் முழுப் பெயரையும் சேர்த்தேன், 'மகன்' என்னும் ஏ/எல் விடாமல். மேலாளர் மறுபடி வருவார். வரட்டும். வெள்ளிக்கிழமை மூன்று குழுவுக்கும் நான் போன் போடுவேன்.