பெரிய பியூலாவுக்கு, சின்ன பியூலா எழுதுவது

நான் முகம் பார்க்காத என் அக்காவுக்கு, எங்க வீட்டு நாலு வயசுப் பெரியவளுக்கு,

நாலு வயசுப் பிள்ளைக்குக் கடுதாசி எழுதுறது எனக்கு இதுதான் முதல் தடவை. உனக்கு வாசிக்கத் தெரியாதேன்னு யோசனை வந்து பேனாவைக் கீழே வெச்சுட்டேன். பொறவு நினைச்சேன், அப்பாவும் அங்கதான இருக்காவ, அவிய மடியில உக்கார வெச்சு வாசிச்சுச் சொல்லட்டும். அவியளுக்கும் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது. எப்படியோ ரெண்டு பேரும் சமாளிச்சுக்கோங்க.

நான் யாருன்னு உனக்குத் தெரியாது. நீ போன அடுத்த வருஷம் பொறந்தவ. உன் பேரையே எனக்கும் வெச்சுட்டாங்க. நீ பெரிய பியூலா, நான் சின்ன பியூலா. எனக்கு நாற்பத்தி மூணு வயசாச்சு. காதோரம் நரைச்சுப் போச்சு, மூட்டு வலி வேற. ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனியில பேக்கிங் செக்‌ஷனுக்கு நான்தான் சூப்பர்வைசர், வாய்க்காரின்னு பேரெடுத்தவ. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சா இன்னைக்கும் நான்தான் சின்னவ. நாலு வயசுல நின்னுபோன நீ பெரியவ. என்ன கூத்து பாரு.

உன் கோழியைப் பத்தி முதல்ல சொல்லணும். நாம வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்கதான், ஆனா ஆடிப்பூரத்துக்குத் தேர்க்கடைப் பக்கம் போகாத வேதக்காரன் நம்ம ஊர்ல உண்டா? அப்பா உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய், சாவி கொடுத்தா டக்குடக்குன்னு தரையைக் கொத்துற தகரக் கோழி வாங்கிக் கொடுத்திருக்காவ. நீ அதுக்கு அரிசி போட்டியாம். கொத்துது, ஆனா திங்கலைன்னு அழுதியாம். பொறவு சாவி ஓட்டை வழியா ஒவ்வொரு அரிசியா உள்ள திணிச்சு விட்டுட்ட. அதோட கோழி நின்னு போச்சு.

இதை அம்மா எங்கிட்ட எப்படிச் சொல்லுவா தெரியுமா? "ஏட்டி பியூலா, நீ அந்தக் கோழிக்கு அரிசி ஊட்டி அதைக் கொன்னவதான?" அப்படித்தான் சொல்லுவா. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. விருந்தாளி வந்தா அவங்க முன்னாலயும் சொல்லுவா. எனக்கும் அது நல்லா ஞாபகம் இருந்துச்சு. சிவப்புத் தரையோட குளிர்ச்சி, தகரத்தோட ஓரம் விரல்ல கீறினது, ஈரக் கையில ஒட்டின அரிசி, எல்லாம் ஞாபகம் இருந்துச்சு.

எனக்கு முன்னாடி நீ ஒருத்தி இருந்ததையே யாரும் எனக்குச் சொல்லலை. வீட்டுல உன் போட்டோ கிடையாது. எனக்கு ஆறு வயசு இருக்கும்போது கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுதிரியும் எடுத்துட்டுப் போனோம். அப்போதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் படிச்சிருந்தேன், கண்ணுல படுற போர்டையெல்லாம் வாசிச்சுத் தள்ளுவேன். ஓரத்துல ஒரு சின்னக் கல்லறை. அதுல என் பேர் இருந்துச்சு. அதுக்குக் கீழே, இன்னார் மகள்னு அப்பா பேர்.

"நான் செத்துட்டேனாப்பா?"ன்னு கேட்டேன்.

அப்பா என்னை அள்ளித் தூக்கிக்கிட்டாவ. அம்மா திரும்பியே பார்க்காம விறுவிறுன்னு முன்னால நடந்து போயிட்டா. சைக்கிள் முன்கம்பியில என்னை வெச்சுக்கிட்டு, வீடு வந்து சேர்ற வரைக்கும் அப்பா உன்னைப் பத்திச் சொன்னாவ. மூளைக்காய்ச்சல்னு சொன்னாவ. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சாம்.

"அந்தக் கோழி?"

"அது அக்கா கோழி."

"அரிசி போட்டது?"

"அதுவும் அக்காதான்மா."

"அப்போ நான் என்னப்பா செஞ்சேன்?"

அவிய மேட்டுல சைக்கிளை மிதிச்சுக்கிட்டே இருந்தாவ. இப்ப நினைச்சா பாவமா இருக்கு, ஆறு வயசுப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுவாவ.

ஆனா பாரு அக்கா, உன்னோடதுன்னு தெரிஞ்ச பொறவும் அந்த ஞாபகம் என்னை விட்டுப் போகலை. இன்னைக்குக் கண்ணை மூடினாலும் அந்தச் சிவப்புத் தரை தெரியுது. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் தரையை உடைச்சு மொசைக் போட்டாச்சு. நான் பார்க்காத தரையை என் கண்ணுக்குள்ள இருந்து பார்க்கிறது யாரு? நீயா? இல்ல அம்மா சொல்லிச் சொல்லி எனக்குள்ள வரைஞ்சு வெச்ச படமா? பிளவக்கல் அணையில தண்ணியைப் பார்த்து வீல்னு கத்தினது, காதுகுத்துக்கு மாமா மடியில உக்காந்து அவர் கையைக் கடிச்சது, இதெல்லாம் உன்னுதா என்னுதா? யாரைக் கேட்டு நான் பிரிக்கட்டும்?

கிறிஸ்துமஸ் வந்தா எனக்கு வயித்தெரிச்சல்தான். அம்மா கடையில நின்னா அவ கை உன் வயசுக்குத்தான் போகும். எனக்குப் பதினோரு வயசுல, அமுக்கினா கீச்சுன்னு கத்துற ரப்பர் வாத்து வாங்கிட்டு வந்தா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்லாம் புது டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு வந்து, "என்ன கிஃப்ட்டு?"ன்னு கேட்டா, நான் அதைப் பாவாடைக்குள்ள ஒளிச்சு வெச்சேன். அது என் கால் பட்டுக் கீச்சுன்னு கத்தித் தொலைச்சுது. சிரிச்சுச் சிரிச்சு உருண்டாளுக. எனக்கு அழுகை வந்துருச்சு. மறுநாள் அப்பா ராஜபாளையத்துல இருந்து ஒரு பேட்மிண்டன் பேட் வாங்கிட்டு வந்து சத்தமில்லாம என் கட்டில்மேல வெச்சுட்டுப் போனாவ. அது ஒண்ணுதான் எனக்குன்னு இந்த உலகத்துல வாங்கினது. இதை எழுத எனக்கு வெட்கமாத்தான் இருக்கு.

சரி, இப்போ நடந்ததுக்கு வாரேன். உனக்குத் தெரியாத தம்பி ஒருத்தன் இருக்கான், சாமுவேல். எனக்கு இளையவன், அம்மாகூடவே ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கான். அவனுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. அவன் பொண்டாட்டி ஜாஸ்மின் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. இந்த வருஷம்தான் கர்த்தர் கண்ணைத் திறந்தார். பெண்பிள்ளை. நல்ல கலரு, மூக்குதான் நம்ம அப்பா மூக்கு, பாவம்.

அம்மா பிள்ளையை மடியில வாங்கினா. முகத்தை உத்து உத்துப் பார்த்தா. "என் பியூலா வந்துட்டா"ன்னா.

எனக்கு மேலு சிலிர்த்துப் போச்சு. அத்தோட விட்டாளா? பிள்ளையைத் தொட்டில்ல விட்டுட்டு, முடியாத காலை இழுத்துக்கிட்டுப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைக்கு அடியில இருந்து உன் கோழியை எடுத்தா. துரு ஏறி, ஒரு பக்கத்துக் கண்ணு அழிஞ்சு போயிருக்கு. தொட்டில் பக்கத்துல வெச்சு ஆட்டினா. உள்ள அரிசி சலசலங்குது, அக்கா. நீ போட்ட அரிசி. ஜாஸ்மின் பயந்து போய்ப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். பிள்ளையைக் கையில வெச்சுக்கிட்டு, போதகர் கேட்கிறப்போ பேரைச் சொல்ல வேண்டியவ நான். பியூலான்னே வெச்சுரலாம்னான் சாமு. "அம்மா இன்னும் எம்புட்டு நாளைக்கு இருக்கப் போறா? ஒரு பேருதானக்கா"ன்னான்.

"உனக்கு ஒரு பேருதான்டா. உன் பேர்ல உனக்கு முன்னாடி எவனும் செத்து வெச்சிருக்கலை"ன்னேன். அவன் முகம் சுண்டிப் போச்சு. சொல்லியிருக்க வேண்டாம்தான், வாய் நிக்கலை.

ஜாஸ்மின் என்னைப் பின்வாசல்ல துவைக்கிற கல்லுகிட்ட கூப்பிட்டா. அந்தப் பிள்ளை மாமியாருக்கு எதிரா ஒரு வார்த்தை பேசினதில்லை. மெதுவாக் கேட்டா: "மதினி, நீங்களே சொல்லுங்க. இந்தப் பேரோட நீங்க நல்லா இருந்தீங்களா?"

இம்புட்டு வருஷத்துல என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. காயப்போட்ட துணியை எடுத்து மடிச்சுக்கிட்டே இருந்தேன். ஈரம்கூடக் காயலை அது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாகிட்ட நேராவே பேசினேன். "அம்மா, பிள்ளைக்கு அந்தப் பேரு வேண்டாம்."

"ஏன்? உனக்கு வெச்சேனே, நீ என்ன கெட்டா போயிட்ட?"

"கெட்டுப் போகலைம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், சொல்லு. சின்ன வயசுல நான் என்ன செஞ்சேன்? அக்கா செஞ்சது வேண்டாம். நான் செஞ்சது, ஏதாவது ஒண்ணு."

அம்மா யோசிச்சா. நெத்தியைச் சுருக்கி, உதட்டைக் கடிச்சு, நிசமாவே யோசிச்சா. நான் அவ முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். பொறுக்க முடியாம நானே எடுத்துக் கொடுத்தேன்: "அப்பா எனக்கு ஒரு பேட் வாங்கிட்டு வந்தாவளே, ஞாபகம் இருக்காம்மா?"

"எந்த பேட்டு?"

எந்திரிச்சுட்டேன். ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிரணும், ஞானஸ்நானமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு இருந்துச்சு. அம்மா எட்டி என் முந்தானையைப் பிடிச்சா. அந்த விரல்ல எங்க இருந்துதான் அம்புட்டு பலம் வந்துச்சோ.

"உன்னை எதுக்குட்டி நான் ஞாபகம் வெச்சுக்கிடணும்? நீதான் இருக்கியே"ன்னா. "நெனச்சா கூப்பிடுதேன், நீ வந்து நிக்கிற. திட்டுத. மாத்திரை கொடுக்கிற. இல்லாதவளைத்தான ஞாபகம் வெக்கணும்? நானும் விட்டுட்டா அவளுக்கு யாருட்டி இருக்கா?"

நான் அப்படியே உக்காந்துட்டேன். அவ மனசுல நான் இல்லைன்னு நினைச்சே இம்புட்டு காலமும் குமைஞ்சுக்கிட்டிருந்திருக்கேன். அவளுக்கு நான் இருக்கிறது சந்தேகமே இல்லாத விஷயம். காத்து இருக்கு, தண்ணி இருக்கு, சின்னவ இருக்கா. ஆனா உனக்கு அவ ஒருத்திதான். அவ போயிட்டா நீ இன்னொரு தடவை போயிருவ. அதுக்குத்தான் அந்தப் பேரை யார் தலையிலயாவது ஏத்தி விட்டுட்டுப் போகணும்னு தவிக்கா. அம்மா அழுதா. நானும் அழுதேன்.

ஞாயிறு காலையில கோயிலுக்குப் போற ஆட்டோவுல, ஜாஸ்மின் என் காதுக்குள்ள ஒரு பேரைச் சொன்னா. மாசமா இருந்தப்போவே மனசுல நினைச்சு வெச்சிருந்தாளாம், புருஷன்கிட்டகூடச் சொல்லலையாம். போதகர் கேட்கிற நிமிஷம் வரைக்கும் எந்தப் பேரைச் சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாது.

அம்மா முன்வரிசையில பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தா. போதகர் என்னைப் பார்த்து, "குழந்தையின் பெயர் என்ன?"ன்னு கேட்டார். நான் குனிஞ்சு பிள்ளையைப் பார்த்தேன். அவ என்னைப் பார்க்கலை, என் பின்னால யாரையும் தேடலை. மேல சுத்துற ஃபேனை வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டிருந்தா. உலகத்துலயே முதல் ஃபேன் அதுதான்கிற மாதிரி அப்படியொரு ஆச்சரியம். இவ நீயில்லை, அக்கா. இவ நானும் இல்லை. இவளுக்கு யார் ஞாபகமும் இல்லை.

"ஜெமிமா"ன்னேன்.

பின்னால அம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டுச்சு. திரும்பலை. திரும்பியிருந்தா மாத்திச் சொல்லியிருப்பேன்.

வீட்டுல பிரியாணி. அம்மா ஒரு வாய்கூடத் தொடலை, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கட்டில் ஓரத்துல உக்காந்து சொன்னேன்: "அக்காவுக்கு நான் இருக்கேன்ம்மா. நீ போன பொறவும் நான் இருப்பேன். அந்தப் பேரு எங்கிட்ட இருக்கட்டும், பிள்ளைமேல ஏத்த வேண்டாம்." செத்த நேரம் கழிச்சுத் தொட்டில்ல பிள்ளை அழுதுச்சு. "ஏட்டி ஜாஸ்மின், ஜெ... அந்தப் பிள்ளைக்குப் பசிக்குது பாரு"ன்னா அம்மா. பேரு வாயில நுழையலையா, நுழைய விடலையா, அது அவளுக்கும் கர்த்தருக்கும் வெளிச்சம்.

சாயங்காலம் எல்லாரும் போன பொறவு, பின்வாசல் குழாயில பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். உள்ள இருந்து அம்மா கூப்பிட்டா: "பியூலா!"

ஆயிரம் தடவை கேட்ட குரல்தான். ஆனா அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அவ கூப்பிட்டப்பல்லாம் ரெண்டு பேரைத்தான் கூப்பிட்டிருக்கா. எந்திரிச்சு ஓடினது மட்டும்தான் நான். குழாயை மூடிட்டு அப்படியே நின்னேன். பதில் சொல்லலை. நீ வருவியோன்னு பார்த்தேன், அக்கா. சத்தியமா பார்த்தேன். பயமாவும் இருந்துச்சு, வந்துர மாட்டியான்னும் இருந்துச்சு.

"பியூலா!" ரெண்டாவது தடவை, குரல் கொஞ்சம் நடுங்கிச்சு.

"வாரேன்ம்மா"ன்னு ஓடினேன்.

தண்ணிதான் கேட்டா. குடிச்சுட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறப்போ, என் தோளுக்குப் பின்னால செத்த நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. நீதானோன்னு நானும் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பா, அக்கா. நீ எந்திரிச்சு வர வேண்டாம். எம்புட்டுத் தடவை கூப்பிட்டாலும் உனக்கும் சேர்த்து நான் போறேன். இது நான் உனக்குத் தர்ற வாக்கு. நீ பயப்படாம தூங்கு.

இப்படிக்கு,
உன்னைவிட மூத்துப்போன உன் தங்கச்சி,
பியூலா