வெள்ளிக்கிழமை விபூதி

வைகாசி 25, ஞாயிறு

எங்கள் அரசுப் பள்ளியில் இன்று பழைய மாணவர்கள் கூடினோம். தமிழய்யாவையும் அழைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் அவர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மும்தாஜைக் காட்டினார்.

“அந்தக் காலத்துல மதமெல்லாம் பாத்தமா? வெள்ளிக்கிழமையானா இந்தப் புள்ளையும் விபூதி பூசிக்கிட்டுத்தான் நிக்கும். யாரும் சொல்லலை. அதுவா பூசிக்கிட்டு வரும்.”

அதுவாகவாம். வெள்ளிக்கிழமை பிரேயரில் ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக்கொண்டே வருவார். வெறும் நெற்றி என்றால் புறங்கையில் ஸ்கேல் விழும். மும்தாஜுக்கு இரண்டு வாரம் விழுந்தது. மூன்றாவது வாரம் ஜாமெட்ரி பாக்ஸில் விபூதிப் பொட்டலம் கொண்டுபோய் நான்தான் அவளுக்குப் பூசிவிட்டேன். சாயங்காலம் நான் அடிபம்பை அடிக்க, அவள் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். வீட்டில் அவள் அத்தா கண்ணில் பட்டுவிடக் கூடாதே. எட்டாவது முடியும்வரை இதே பிழைப்பு. அந்த மனிதருக்கு அது ஒற்றுமையாம்.

“எந்திரிச்சு உள்ளதைச் சொல்லுடி” என்று அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

எனக்கு ஆறவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் அவளிடம் கத்தினேன். “வாயில என்னத்த வச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஆளு மூஞ்சிய எங்கிட்டு வச்சிருப்பாரு?”

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே சொன்னாள்.

“அவரு பேசி முடிச்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க. நீயும்தான்டி தட்டுன.”