பாயில் கண்ட ஈரம்

குடவாசல்,
ஜனவரி 21

கர்த்தருக்குள் பிரியமான மகள் எப்சிபாவுக்கு அம்மா எழுதுவது. தேவ கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் நான் எதைப் பேசுவது, அதனால்தான் எழுதிப் பக்கத்து வீட்டு ஷமீராவிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

சம்பா கதிர் நன்றாகச் சாய்ந்திருக்கிறது, பத்து நாளில் அறுப்பு. உங்கப்பாவைத்தான் தெரியுமே, விடிந்ததும் வரப்பில் நடந்து நண்டு வளை ஒன்று விடாமல் சேற்றை வைத்து வெறுங்காலால் மிதித்து அடைத்துவிட்டுத்தான் காப்பி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்படி மிதித்தபோது நத்தை ஓடு பெருவிரலைக் கிழித்துவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு, வலிக்கவே இல்ல, ஒன்னும் இல்ல என்றார். சர்க்கரை உள்ள காலுக்கு வலி தெரியாது என்று நீ நர்ஸ் படிக்கும்போதே சொன்னாய். நினைவிருந்தும் சும்மா இருந்துவிட்டேன்.

போன ஞாயிறு போதகர் ஐயர் ஊரில் இல்லை, அப்பாதான் பிரசங்கம். ஆபத்து வரும்போது சமாதானம் என்று சொல்லி ஜனங்களைத் தூங்கவைத்த பொய்த் தீர்க்கதரிசிகளையும், விழித்திருந்து எக்காளம் ஊதவேண்டிய காவற்காரனையும் பற்றி முக்கால் மணி நேரம் விளாசினார், நானே அசந்துபோனேன். ஆலயத்தில் செருப்பை வெளியே விட்டுத்தானே நிற்கிறோம், அவர் இறங்கி வந்தபின் பார்த்தால் நின்ற பாயில் சீழும் இரத்தமுமாக ஈரம். நான் என்ன செய்தேன் தெரியுமா, நாலு பேர் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டேன். சபை மூப்பருக்கு மானக்கேடு என்று நினைத்தேன். வீட்டில் அந்தப் புடவையை அலசும்போதுதான் நாற்றம் தெரிந்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் சண்டை போட்டுத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். விரலை இந்த வாரமே எடுக்கவேண்டும், தள்ளிப்போட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர். இவரோ, அறுப்பு முடியட்டும், அதுவரைக்கும் கர்த்தர் பாத்துக்குவாரு என்கிறார். ஊருக்கெல்லாம் எக்காளம் ஊதிய மனுஷன் பேச்சைப் பார். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ அதட்டினால் கேட்பார். இதைப் படித்ததும் கூப்பிடு, ஸ்பீக்கரிலேயே திட்டு. வெள்ளிக்கிழமைக்குள் சேர்க்கவேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. மேலே அப்பா சுகம் என்று எழுதியிருக்கிறேன், கைப் பழக்கம். ஒரு மாதமாகப் போனிலும் உனக்கு அதையேதான் சொன்னேன். அந்த வரியை அடித்துத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், நீ நம்பாதே.

உன் அம்மா,
ஞானசுந்தரி