கல்வெட்டின் வலப்பக்கம்

பாசமுள்ள சின்னண்ணைக்கு,

நான் படிப்பித்த கடைசி வருடம், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், ரொக்கெட் விடாத நாட்டிலை இருந்து விஞ்ஞானக் கதை எழுதலாமோ?" அதையே மானிப்பாயில் உங்கள் றேடியோ திருத்தும் கடைக்கு வந்து கேட்டேன். "எழுதலாம். ஏனெண்டு எழுதித் தாறன்" என்றீர்கள். அந்தக் கட்டுரையை எழுதி முடிக்க உங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது.

நாளை இன்றைப்போல் இராது என்று மனிதர் எண்ணத் தொடங்கிய இடமெல்லாம் விஞ்ஞானக் கதை பிறந்தது என்று தொடங்கியிருந்தீர்கள். சந்திரனுக்குப் போய்வந்ததாகக் கிரேக்க மொழியில் ஒருவர் வேடிக்கையாகப் பொய் சொன்னார். ஆளில்லாத் தீவில் வளரும் குழந்தை தானே ஆராய்ந்து உலகை அறியுமா என்று அரபு மொழியில் ஒருவர் கதையாகச் சிந்தித்தார். வெயிலில் சமைத்து, ஆண்களை வீட்டுக்குள் இருத்திவிட்டுப் பெண்கள் ஆளும் நாட்டை வங்காளத்துப் பெண் ஒருத்தி எழுதினாள். பிறகு எங்கள் கரைக்கு வந்தீர்கள்: "கப்பலில் வந்த பறங்கிக்கு அது பயணக் கதை. கரையில் நின்று பீரங்கிச் சத்தத்தை முதன்முதல் கேட்டவனுக்கு, வேற்றுக் கிரகத்தார் வந்திறங்கிய கதை." அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் தெரியுமா?

எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருநெல்வேலியில் நடந்த இலக்கியக் கூட்டத்தில் கட்டுரையைச் சஞ்சிகை ஆசிரியரிடம் கொடுத்தீர்கள். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "உது வெள்ளைக்காரன்ரை சாமான், அண்ணை. நாங்கள் வாங்கிப் பாவிக்கிற ஆக்கள். நீங்கள் றேடியோவைத் திருத்துங்கோ, இலக்கியத்தை நாங்கள் திருத்துறம்" என்றார். சபை சிரித்தது. மின்சாரமில்லாத யுத்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோவை இயக்கி, ஒழுங்கைச் சனம் முழுவதையும் செய்தி கேட்க வைத்தவர் நீங்கள். அப்படியிருந்தும் கட்டுரையை ஏன் அவரிடமே விட்டுவிட்டு வந்தீர்கள்?

ஒரு கிழமையில் கட்டுரை திரும்பி வந்தது, அவருடைய கைப்படக் கடிதத்தோடு: "பிரசுரத்துக்கு ஏற்றதல்ல. கடன்வாங்கிய கற்பனை." அதன்பிறகு நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நீங்கள் போனபின், முப்பத்தோராம் நாள் பந்திக்கு வருவோருக்குக் கொடுக்க, உங்கள் படம், தேவாரங்கள், இரங்கலுரைகளோடு கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அச்சிட ஆயத்தமானேன். அதே மனிதர் தானாகவே இரங்கலுரை அனுப்பினார். "அன்னாரின் அரிய கட்டுரையைப் பலமுறை கேட்டும், அடக்கத்தால் எமக்குத் தர மறுத்துவிட்டார்" என்று எழுதியிருந்தார். போனவர் எழும்பி வந்து மறுக்கமாட்டார் என்ற துணிவு. போனவர் தன் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிட்டேன். இடப்பக்கம் இரங்கலுரை. வலப்பக்கம், அவருடைய கையெழுத்திலேயே அந்தக் கடிதம். அடுத்த பக்கத்திலிருந்து உங்கள் கட்டுரை முழுவதும். தேவாரங்கள் பின்னுக்குப் போய்விட்டன. சிவன் பொறுப்பார்.

பந்திக்கு வந்திருந்த அந்தச் சஞ்சிகை ஆசிரியர் அதைப் புரட்டினார். முகம் கறுத்தது.

"என்ன ரீச்சர் உது? உந்தப் பக்கத்தை விட்டிருக்கலாமே?"

"நீங்கள் எழுதினது ஒண்டையும் நான் விடேல்லை, தம்பி. இன்னும் கொஞ்சம் பாயாசம் விடட்டே?"

பக்கத்தில் இருந்த மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டு, "ரெண்டு பக்கத்திலையும் ஒரே பேர்தானே பிள்ளை கிடக்கு?" என்று உரத்துக் கேட்டா. பிறகு பந்தி முழுவதும் தாள் புரளும் சத்தம். அவர் பாயாசம் குடிக்காமலே எழும்பிப் போனார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அண்ணை. மறைக்க மாட்டேன். இறந்தவரின் படம் உள்ள புத்தகத்தை எங்கள் ஆக்கள் எறிவதில்லை. எத்தனை அலுமாரிகளில் அந்த வலப்பக்கம் இனிக் கிடக்கும், யோசித்துப் பாருங்கள்!

அவர் உங்கள் கட்டுரையை வாசித்து, தான் சொன்னது பிழை என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளும்வரை, உங்கள் ஒவ்வொரு திவசத்துக்கும் இரங்கலுரை, கடிதம், கட்டுரை மூன்றையும் மறுபடி அச்சிடுவேன். இது சத்தியம்.

இந்தக் கடிதமும் அவற்றோடு அச்சாகும்; இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு, ரொக்கெட் விடாத நாட்டிலிருந்தும் விஞ்ஞானக் கதை எழுதிப் பார்க்க, ஒரு பயிற்சி. உங்கள் வீட்டில் தினமும் பாவிக்கும் ஒரு பொருளைத் தெரிவுசெய்யுங்கள். நாளைக் காலை அது உலகத்தில் எங்குமே இல்லையென்றால் முதலில் என்ன மாறும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

உங்கள் கடைசித் தங்கச்சி,
யோகம்