டொக்டரின் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் சுகம். ஆனால் நேற்றிலிருந்து கோபம் அடங்கவில்லை.

எங்கள் பல் கிளினிக்கில் என்னோடு உதவியாளராக இருக்கும் மார்லீன் அமெரிக்காவில், அயோவாவில் பிறந்தவர். இங்கே மொன்றியலுக்கு மணமுடித்து வந்து, கணவர் இறந்தபின் இந்த வேலை செய்தே மகனைப் பல் டொக்டராக்கினார். அந்த மகன்தான் இப்போது எங்கள் முதலாளி.

நேற்று அவர் என்னைக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் கை நடுங்குது. இனி வரவேண்டாமெண்டு நீர் சொல்லும். நான் சொன்னால் அழுவா" என்றார்.

"அவ உங்கட அம்மா. நீங்களே சொல்லுங்கோ!" என்று கத்திவிட்டேன்.

மார்லீன் கதவடியில் நின்றிருந்தார். கையுறைகளைக் கழற்றி மகனின் மேசையில் வைத்தார். "கை நடுங்கிறது எனக்கும் தெரியும். என்னட்டைச் சொல்ல உனக்கு வாய் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

மகனோ தாயின் பின்னால் போகாமல் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டான். ஓம் அம்மா, 'கூப்பிட்டான்' என்றுதான் எழுதுகிறேன். இனி மரியாதை வராது.

என் வேலைக்கு ஒன்றும் ஆகாது, யோசிக்காதீர்கள். ஞாயிறு மார்லீனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். உறைப்பில்லாத சொதி எப்படி வைப்பது? எழுத வேண்டாம், போனில் சொல்லுங்கள். மெதுவாகவே சொல்லுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பஸ் தரிப்பில் இருந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
தாட்சாயினி