கடலுக்கு அடியில் ஒரு புல்லுக்கட்டு

குறுவைக்குத் தண்ணீர் வராத வருஷம், ஊர் முனையில் செல்போன் டவர் எழுந்த வருஷம், என் பம்புசெட் மோட்டாரின் காயில் கருகிய வருஷம். மூன்றும் ஒரே வருஷம்தான், மாப்ளே. அந்த வருஷம்தான் கடலுக்கு அடியில் இருக்கிற ரகசிய ஆராய்ச்சிக்கூடம் நம் வரப்புக்கு வந்தது.

நேற்றுப் பொழுது சாய உன் வீட்டுக்குப் போனேன். மாட்டைக் கொசு அண்டாமலிருக்க, உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி, ஈர வைக்கோலில் மூட்டம் போட்டிருந்தாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு மாடு ஞாபகம் வரவில்லை. நம் ஊரில் எடுத்த படத்தில் வில்லன் செத்தது ஞாபகம் வந்தது. உள்ளே போனால் டிவியில் அதே படம். இரண்டும் சொல்லிவைத்தாற்போல் வந்து நின்றதால்தான் இந்த மடல். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மருமகள் எழுதுகிறாள். திட்டு வந்தால் விட்டுவிடுவாள். அங்கங்கே நீயே போட்டுக்கொள்.

படக்காரர்கள் ஒரே ஒரு வேனில் வந்தார்கள். செல்போன் வழியாக மனுஷன் மூளைக்குள் புகுந்து உலகத்தையே பிடிக்கப் பார்க்கும் விஞ்ஞானியின் கதை. வேதாரண்யம் போய்க் கடலைப் படம் பிடித்துவிட்டார்கள். கடலுக்கு அடியில் போகத்தான் வசதியில்லை. மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்திருந்ததால் என் மோட்டார் கொட்டகை காலியாகக் கிடந்தது, அதையே ஆராய்ச்சிக்கூடமாக்கினார்கள். டைரக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ஜன்னல்தான் கொஞ்சம் இடிக்குது" என்றார். இடித்தது இடித்தபடியே விட்டுவிட்டார்.

உலகத்தை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் வேண்டுமே? சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த உன் வீட்டில்தான் அது இருந்தது. திருவிழாவில் கோயில் வாசலில் நிறுத்தும் சீரியல் லைட் போர்டு. ஆள் உயரத்துக்கு மேலே, பல்பாலேயே மாரியம்மன், சுற்றித் திருவாசி வளைவு, பின்னால் விளக்குகளை மாற்றி மாற்றி எரியவைக்கும் உருளை. கோயில் பொருள். நாட்டாமை உன்னை நம்பி உன் வீட்டில் விட்டிருந்தார். அம்மனுக்கு விளக்குப் போடுகிறவன் என்பதுதான் ஊரில் உனக்கிருந்த ஒரே பேர்.

"வேணாம் மாப்ளே. நாட்டாமைக்குத் தெரிஞ்சா இந்த வருசத்தோட உன் வெளக்கு அணைஞ்சுது" என்றேன்.

"மொகத்த மூடிருவேன் மச்சான். திருவாசி மட்டும்தான் சுத்தும். பாக்குறவனுக்கு அது கம்ப்யூட்டர்."

"அம்மன் ஒத்துக்குவாளா?"

"அவளும் எத்தன வருசம் ஒரே எடத்துல நிப்பா? ஒரு படத்துல நடிக்கட்டுமே."

கறுப்புத் துணியைப் போட்டு மூடினாய். வில்லன் வந்து விசையைத் தொட்டார், "அம்மா!" என்று கத்திக் கையை உதறினார். அதற்குமேல் கிட்டவே வரவில்லை. அவருடைய வெள்ளைக் கோட்டையும் மோதிரத்தையும் உனக்கு மாட்டி, உன் கையை மட்டும் படம் எடுத்தார்கள். கதிரடிக்கும் மெஷினில் சிக்கி வளைந்த சுண்டுவிரலோடு உலகத்தை அழிக்கும் கை. பக்கத்தில் செத்த விஞ்ஞானியாகப் படுத்திருந்த டீக்கடைச் சிங்காரம் நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டான். "யோவ், பொணம் மூச்சு விடுதுய்யா!" என்று கத்தினாய். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, தலையில் புல்லுக்கட்டோடு என் தங்கச்சி வரப்பில் போனாள். திரும்ப எடுக்க ஃபிலிம் இல்லை.

மெஷின் வெடிப்பது என் பொறுப்பு. ஈர வைக்கோலைக் கொளுத்தி, புகையை உள்ளே தள்ள உன் பெரிய ஃபேனை வைத்தோம். எதிலும் சேராத ஒரு ஒயரை ஹீரோ பிடுங்கினான். புகை மண்டியது. ஃபேன் காற்றில் கறுப்புத் துணி பறந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

தை மாசம் மன்னார்குடிக்குப் படம் வந்தது. ஊரே பகல் ஆட்டத்துக்குப் போனது. என் தங்கச்சி மட்டும் வரவில்லை. சாமி போர்டைத் தொட்டதில் உன்மேல் அவ்வளவு கோபம். நாட்டாமை நமக்கு முன்வரிசை. கம்ப்யூட்டரில் விளக்கு எரிந்ததும் அவர் கழுத்தை நீட்டினார். நீ துண்டைக் கடித்தாய். திருவாசி தப்பித்தது. கடைசியில் ஹீரோ ஒயரைப் பிடுங்கினான், புகை கிளம்பியது, துணி விலகியது. திரை முழுக்க மாரியம்மன், மூக்குத்தி மினுக்க மினுக்க. கீழே வில்லன் சுருண்டு விழுந்தார்.

நம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி குலவையிட்டாள். மன்னார்குடிக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நாட்டாமை திரும்பினார். "ஏன்டா, அம்மனக் கொண்டுபோயி கம்ப்யூட்டருக்குள்ள உக்கார வச்சிருக்க?"

துண்டை வாயிலிருந்து எடுத்தாய். பிறகு சொன்னாய், "நான் வைக்கலீங்க. மூடித்தாங்க வச்சேன். அவன் பண்ற அநியாயம் தாங்காம அவளே துணிய வெலக்கிட்டு வந்துட்டா."

அவர் திரையைப் பார்த்தார். செத்துக்கிடந்த வில்லனைப் பார்த்தார். குலவை ஓயவில்லை. "சரி, வர்ற திருவிழாவுக்கும் நீயே போடு. ஆனா அந்தப் பய கால்ல கெடக்குற மாதிரி பல்புல செஞ்சு வச்சிரு."

செய்தாய். இன்றைக்கும் அம்மன் காலடியில் ஒருவன் செல்போனோடு மல்லாந்து கிடக்கிறான். வெளியூர்க்காரர் கேட்டால் அசுரன் என்கிறோம்.

அப்புறம் அந்த மாதிரிப் படம் ஒன்றைக்கூட நாம் விட்டதில்லை. தெர்மாகோல் ராக்கெட், இட்லிக் குண்டானில் செய்த சாட்டிலைட், நீ மூச்சுவிடாமல் பார்ப்பாய். பெரிய படங்கள் உனக்கு ஆகாது. "அதுல எல்லாம் பளபளன்னு எங்கயோ நடக்குது மச்சான். நம்ம வூட்டுச் சாமான் ஒலகத்த அழிக்கணும், அப்பதான் வயித்தக் கலக்கும்." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் செல்போனைத் துண்டால் மூடுவாய். இப்போது நாங்கள் உரத்தைப் பற்றிப் பேசினால் உன் மருமகள் போனில் உர விளம்பரம் வருகிறது. நானும் துண்டு போட்டுத்தான் மூடுகிறேன்.

இத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்க்கமாட்டேன் என்றிருந்த என் தங்கச்சி, கோபத்தைக் காட்ட நீ இல்லாததால் நேற்று உட்கார்ந்துவிட்டாள். விசையின்மேல் கை வந்தது. "அண்ணே, இது அவரு கைதானே? மோதிரத்தப் பாரு, தொரைக்கு!" என்றாள். அதற்குள் ஜன்னலில் புல்லுக்கட்டைக் கண்டுவிட்டாள். "உள்ளேருந்து ஒரு சத்தம் குடுத்திருந்தா நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வந்திருப்பேன்ல" என்று உன்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே டிவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தாள்.

வில்லன் போய்ச் சேர்ந்துவிட்டாராம். சிங்காரம் இந்தத் தடவை குறட்டையில்லாமல் படுத்துவிட்டான். உன் கையும் உன்னோடு போய்விட்டது. அந்தக் காட்சியில் மிச்சமிருப்பவள், கடலுக்கு அடியில் புல்லுக்கட்டோடு போகிற ஒருத்திதான், மாப்ளே. நம்ம பஞ்சவர்ணம்.