சாட்சிக்குப் போன காந்தம்

இன்று காலை எங்கள் வீட்டில் வரலாற்றுச் சிறப்புள்ள முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. கடையில் வாங்கும் சத்துமாவை இனிச் சலிக்க வேண்டியதில்லை. மருமகள் முன்மொழிந்தாள், மகன் வழிமொழிந்தான், பேத்தி அழுதுகொண்டிருந்ததால் அவள் கருத்து பதிவாகவில்லை. உலோகம் கண்டறியும் கருவியில் சோதித்தது என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்களாம். நான் உறையைப் பிரித்து முகர்ந்தேன். வறுத்த கோதுமையும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்த அதே வாசனை. அதோடு என் நினைவில் நீ வந்துவிட்டாய், கையில் துடைக்கிற துணியோடு.

குத்தாலத்துப் பக்கம் நம் கூட்டுறவு மில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு அரைத்துப் பையில் அடைத்த காலம் அது. நீ மெக்கானிக், நான் ஸ்டோர் கீப்பர். மாவு பைக்கு இறங்கும் வாயில் ஒரு காந்தம் இருந்தது. ஷிப்டு முடிந்ததும் அதைத் துடைத்து, ஒட்டிய இரும்புத் துகளை வெள்ளைத் தாளில் தட்டிக் காட்டுவாய்.

"பாத்துக்கய்யா ஸ்டோரு, புள்ளைங்க வாயிலேர்ந்து புடுங்குனது."

வெளியே வயல்களில் கூலித் தகராறு. கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று ஆட்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவன் முருகையன், நம் மில்லில் மூட்டை தூக்கியவன். விளைந்து நின்ற நெல்லில் பெரும்பகுதி நம் மில் தலைவருடையது. தலைவர் கொள்கைப் பிடிப்புள்ளவர். ஆட்சி மாறினால் துண்டின் கரையை மட்டும் மாற்றிக்கொள்வார்.

அந்த வாரம்தான் காந்தத்தில் நகக்கண் அளவு இரும்புச் சில்லுகள் ஒட்டின. யந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலைவருக்குச் சொல்லி அனுப்பினாய். வந்து பார்த்தவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் கண்டதில்லை.

"முருகையன் வேலை. வேணும்னே போட்டிருக்கான்."

பொழுது சாய்வதற்குள் போலீஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது.

நீ அரைவை யந்திரத்தைத் திறந்தாய். உள்ளே சுழலும் தகடுகளில் ஒன்று தேய்ந்து முனை உடைந்திருந்தது. சில்லுகளை அதில் வைத்துப் பார்த்தாய், பொருந்தின.

"தலைவரே, இது நம்ம மிஷின் தகடுங்க. மாத்தணும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். முருகையன் வீட்டுலேர்ந்து கொண்டாரலை."

"அப்ப மிஷினைப் பாத்துக்கிற உன் மேல கேஸைப் போடலாமாப்பா?"

"போடுங்க. மொதல்ல அவனை விடச் சொல்லுங்க."

"அறுப்பு முடியட்டுமே" என்றார், பந்தியில் மோர் போதும் என்பதைப் போல.

மறுநாள் தகடு, சில்லுகள், காந்தம் எல்லாவற்றையும் துணியில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாய். நானும் வந்தேன். பஸ்ஸில், "உன் வேலை போயிடும்யா" என்றேன்.

"போனா பூதலூர்ல மச்சான் சைக்கிள் கடை இருக்கு. முருகையனுக்கு என்ன இருக்கு?"

சில்லுகள் காந்தத்தில் ஒட்டுவதையும் தகட்டில் பொருந்துவதையும் சப் இன்ஸ்பெக்டரின் மேசையில் செய்து காட்டினாய். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு காந்தத்தை வாங்கிக் குண்டூசி டப்பாவுக்குமேல் பிடித்துக் கொஞ்ச நேரம் விளையாடினார்.

"நல்லாத்தான் இழுக்குது. எல்லாம் சாட்சிப் பொருள், வச்சிட்டுப் போங்க."

"தகட்டை வச்சுக்குங்க சார். காந்தம் இல்லாம மாவு இறக்கக் கூடாது."

"கேஸ் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்."

"சார், புள்ளைங்க சாப்புடுறது."

"அதுக்குத்தானேய்யா கேஸே போட்டிருக்கோம்."

அறுப்பு பழைய கூலிக்கே நடந்தது. கடைசிக் கட்டு களத்துக்கு வந்த பிறகு முருகையனை ஜாமீனில் விட்டார்கள். அதற்கு முன்பே, ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்றே, உன்னை உள்ளே விடாமல் வாசலிலேயே மில்லிலிருந்து நீக்கியிருந்தார்கள். பூதலூரில் பஞ்சர் ஒட்டினாய், அங்கேயே கண்ணை மூடினாய். ஒருமுறை பார்க்க வந்தபோது, டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி சொன்னாய்: "ஒண்ணுமே ஒட்டலைன்னு எவனாவது சொன்னா, மாவு சுத்தமான்னு அப்புறம் பாரு. காந்தம் இருக்கான்னு மொதல்ல பாரு." பத்திரிகை படிக்கும்போதுகூட எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நாம் ஸ்டேஷனிலிருந்து திரும்புவதற்குள், உடைந்த தகட்டின் இடத்தில் கழித்துப் போட்டிருந்த பழைய தகடு ஒன்றை மாட்டி மில்லை ஓட்டிவிட்டார்கள். வழக்கு தள்ளுபடியாகும்வரை காந்தம் கோர்ட்டில் இருந்தது. அதுவரை மாவு ஒருநாள்கூடத் தவறாமல் பள்ளிக்கூடங்களுக்குப் போயிற்று.